படங்களுக்குப் பயன் சொல்வார் யார்?

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்துருவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நூலொன்றைப் பற்றியதன்று. எங்கள் வீடுகளின் முன் விறாந்தையிலும் மண்டபங்களின் மேடையோரத்திலும் இப்பொழுது இடம்பிடித்திருக்கின்ற பெரிய தட்டைத் திரைத் தொலைக்காட்சியும், அதிலே ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்ற நிழற்படங்களுமே இன்றைய பேசுபொருள். இலக்கிய நிகழ்ச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு என்பதே என் கட்சி. படங்களை ஒரு வரிசையில் அடுக்கி, ஒரு கூட்டத்தின் முன்னே வைத்துக் காட்டுவது கதை சொல்லலின் ஒரு வகை. கதை சொல்லல் எங்கே நடைபெறுகின்றதோ அங்கே இலக்கிய மாணவனுக்கும் சிறிது வேலை இருக்கின்றது.

இப்போதைய வழக்கத்தை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். திருமண வீட்டிலே மணமக்களின் குழந்தைப் பருவம் முதலான படங்கள் திரையில் ஓடுகின்றன. பூப்புனித நீராட்டு விழாவிலும் அப்படியே. அறுபதாம் கல்யாணத்திலும், ஏன், அந்தியேட்டி வீட்டிலும்கூட, இறந்தவரின் படங்கள் மெல்லிய புல்லாங்குழல் இசையோடு வந்து மறைகின்றன. வெளிநாட்டிலிருந்து வருகின்ற பிள்ளைகள் விரல்நுனி அளவிலான ஒரு பென் டிரைவிலே முந்நூறு படங்களைக் கொண்டுவருகின்றார்கள். அதனைத் தொலைக்காட்சியின் பின்புறத்திலே செருகிவிட்டால் மிகுதியைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். நாங்கள் சாப்பிடலாம், பேசலாம், விரும்பினால் அண்ணாந்து பார்க்கலாம்.

“அவன் நல்லாய்ப் படம் காட்டுறான்” என்று எங்கள் பேச்சு வழக்கிலே ஒரு தொடர் உண்டு. உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே பகட்டுக் காட்டுபவனைக் குறித்து அப்படிச் சொல்வார்கள். இந்தப் பெருந்திரைக் காட்சிகள் அந்தப் பொருளிலே ‘படம் காட்டுதல்’ ஆகிவிடுமா, அல்லது எங்கள் குடும்பங்களின் வரலாற்றைச் சொல்லும் ஒரு கலையாகுமா என்பதே என் கேள்வி.

முதலிலே இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கண்ணாடித் தகட்டிலே வரைந்த படத்தை விளக்கொளியால் சுவரிலே பெருப்பித்துக் காட்டும் ‘மாய விளக்கு’ ஐரோப்பாவிலே பதினேழாம் நூற்றாண்டிலே தோன்றியது. ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1659ஆம் ஆண்டளவில் அதனை அமைத்தவர் என்பர். பின்னர் நிழற்படச் சுருள் வந்தது. ஸ்லைட் எனப்படும் ஒளிவில்லைகள் வந்தன. 1961இல் கொடாக் நிறுவனம் ‘கரௌசல்’ என்ற சுழல்தட்டு ஒளிவீழ்த்தியை வெளியிட்டது. அதன் வட்டமான தட்டிலே எண்பது வில்லைகளை அடுக்கி வைக்கலாம். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் ‘கிளிக்’ என்ற ஓசையோடு அடுத்த படம் விழும். கொடாக் நிறுவனம் இத்தகைய ஒளிவீழ்த்திகள் செய்வதை 2004இல் நிறுத்திக்கொண்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஒளிவீழ்த்தியின் பக்கத்திலே எப்பொழுதும் ஒரு மனிதர் நிற்பார். பொத்தானை அழுத்துபவரும் அவரே; “இது நாங்கள் கண்டிக்குப் போனபோது எடுத்தது” என்று சொல்பவரும் அவரே. அவர் பேசி முடிக்கும்வரை படம் நகராது. படத்தின் ஆயுளைத் தீர்மானித்தது மனிதக் குரல்.

அடுத்ததாக ஒரு சுவையான செய்தி. இன்றைய டிஜிட்டல் கமராவின் மூதாதையை 1975இல் கொடாக் நிறுவனத்தின் இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கினார். ஏறக்குறைய மூன்றரைக் கிலோ நிறையுள்ள அந்தக் கருவி எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்திலே 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தைக் கசற் நாடாவிலே பதிவதற்கு 23 செக்கன்கள் பிடித்தன. அந்தப் படத்தை எதிலே பார்த்தார்கள் தெரியுமா? ஒரு தொலைக்காட்சிப் பெட்டியிலே! ஆகவே டிஜிட்டல் படம் பிறந்த வீடே தொலைக்காட்சித் திரைதான். இடையிலே அது கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் போய், இப்பொழுது பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கின்றது எனலாம். வரும்போது மிகவும் வளர்ந்து வந்திருக்கின்றது. இன்று ‘ஃபோர் கே’ என்று விற்கப்படுகின்ற திரையிலே குறுக்காக 3,840, நெடுக்காக 2,160 என்று எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். படங்களைப் பலர் கூடி நின்று பார்ப்பது தமிழருக்குப் புதிய பழக்கமா? இல்லை. பரிபாடலின் 19ஆம் பாடலைப் படித்தவர்கள் அங்கே வருகின்ற ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். திருப்பரங்குன்றத்துக்கு வழிபாட்டுக்கு வந்த மக்கள் அங்குள்ள ஓவிய மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கின்றார்கள். பார்த்துக்கொண்டு பேசாமல் போகவில்லை. இவர் யார், அவர் யார் என்று சிலர் சுட்டிக் கேட்கின்றார்கள். தெரிந்தவர்கள் விடை சொல்கின்றார்கள். இது காமன், இது இரதி. பூனை உருவில் நிற்பவன் இந்திரன், இவள் அகலிகை, அதோ கௌதமன் என்று விளக்கம் நடக்கின்றது. அந்தப் புலவர் ஓவியத்தின் அழகை வருணிப்பதோடு அமையாமல், ஓவியத்தின் முன்னே நடந்த உரையாடலையும் பதிந்து வைத்தார். கேட்பவரும் சொல்பவரும் இருந்ததனாலேதான் சுவரிலிருந்த வடிவங்களுக்குப் பெயர் கிடைத்தது.

பழந்தமிழிலே ஓவியத்தை ‘எழுதுதல்’ என்றே சொன்னார்கள். எழுதப்பட்டது என்றால் அதனை வாசிக்க ஒருவர் வேண்டும் அல்லவா?

எங்கள் யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே புராணபடனம் என்றொரு மரபு நெடுங்காலம் வழங்கி வருகின்றது. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்திலே அமர்ந்திருக்கும் இன்னொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். செய்யுள் எவ்வளவு இனிமையானதாக இருந்தாலும், பயன் சொல்பவர் வாய் திறந்த பின்னரே கேட்டிருப்போர் தலையசைப்பர். பயன் முடியும்வரை அடுத்த செய்யுள் தொடங்காது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயரிட்டுப் போற்றிய வாழ்வு, வாசிப்பவரும் பயன் சொல்பவருமாகிய இந்த இருவரால் ஊர்தோறும் பேணப்பட்டது.

எங்கள் சிங்களச் சகோதரர்களிடத்தும் இதற்கு இணையான ஒன்று உண்டு. வெசாக் காலத்திலே பேலியகொடை, தொட்டலங்கை முதலிய இடங்களிலே எழுகின்ற பெருந்தோரணங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் ஓடி விளையாட, நடுவிலே புத்தர் பெருமானின் உருவமும், சுற்றிலும் ஜாதகக் கதையொன்றின் காட்சிகளும் அமைந்திருக்கும். ஒலிபெருக்கியிலே ஒரு குரல் அந்தக் கதையைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டு போகும். தெருவிலே நிற்கின்ற தாய், தோளிலிருக்கும் பிள்ளைக்கு அந்தந்தக் காட்சியைச் சுட்டிக் காட்டுவாள். அதுவும் ஒரு படத்தொடர்தான். அங்கும் குரல் இருக்கின்றது. சுட்டுகின்ற விரல் இருக்கின்றது.

இந்தப் பின்னணியிலே வைத்து நோக்கினால், எங்கள் வீட்டுத் திரையிலே என்ன குறைகின்றது என்பது தெளிவாகும். செய்யுள் இருக்கின்றது. பயன் சொல்பவர் இல்லை. அவருடைய இடத்திலே புல்லாங்குழல் இசையை வைத்திருக்கின்றோம்.

சென்ற ஆண்டு உறவினர் வீடொன்றிலே நடந்த அந்தியேட்டிக்குப் போயிருந்தேன். இறந்தவர் எண்பது வயதைக் கடந்த அம்மையார். எனக்குப் பெரியம்மா முறை. மண்டபத்திலே பெரிய திரை. படம் ஒன்றுக்கு ஐந்து செக்கன் வீதம் ஓடிக்கொண்டிருந்தது. கனடாவிலே பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள், பனியிலே எடுத்த படம், மறுபடியும் பிறந்தநாள் என்று போய்க்கொண்டிருந்த வரிசையிலே, எதிர்பாராத விதமாகச் சதுரமான கறுப்பு வெள்ளைப் படமொன்று வந்தது. வீட்டு வாசலிலே நான்கு இளம் பெண்கள். யாரோ “ஆ, பழைய படம்” என்றார். அதற்குள் படம் போய்விட்டது.

பின்வரிசையிலே பிளாஸ்டிக் கதிரையிலே இருந்த முதியவர் ஒருவர் எழுந்துவிட்டார். அவர் இறந்தவரின் தம்பி. “நிப்பாட்டு மோனே, நிப்பாட்டு! திருப்பிப் போடு!” என்று சத்தமிட்டார். பத்து வயதுப் பேரன் ஒருவன் ரிமோட்டைத் தேடி எடுத்து, இசையை நிறுத்தி, படத்தைத் திரும்ப வரச்செய்து நிறுத்தி வைத்தான்.

முதியவர் திரைக்கு அருகிலே போனார். கண்ணாடியின்மேல் விரலை வைத்தார். “இது உன்ரை அம்மம்மா. இது எங்கடை காங்கேசன்துறை வீடு. உந்தா பின்னாலை தெரியிறது கிணத்தடி.”

“தாத்தா, மற்றவை ஆர்?” என்று பேரன் கேட்டான்.

“இவ பெரிய சித்தி. இவ மருத்துவிச்சி. இஞ்சை இருக்கிறவையிலை அரைவாசிப் பேர் இவவின்ரை கையிலைதான் பிறந்தவை.”

அதுவரை சாப்பாட்டைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த மண்டபம் அமைதியாகிவிட்டது. ஐம்பது வயதுக்காரர் பலர் எழுந்து வந்து, தம்மை முதன்முதலில் ஏந்திய அந்தக் கைகளைப் பார்த்தார்கள். “நாலாவது ஆள் ஆர் தாத்தா?” என்று பேரன் விடாமல் கேட்டான். முதியவர் நெடுநேரம் பார்த்தார். “தெரியேல்லையடா. தெரிஞ்சவ போயிட்டா” என்றார்.

நேயர்களே, அந்த நான்காவது பெண்ணின் பெயர் முப்பத்தொரு நாட்களுக்கு முன்வரை ஒருவரிடம் இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். படத்தை நாங்கள் காப்பாற்றிவிட்டோம். அது இப்பொழுது ஐந்து நாடுகளிலே, இருபது கைத்தொலைபேசிகளிலே இருக்கின்றது. பெயரோ எங்கும் இல்லை.

காங்கேசன்துறைப் பகுதி மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே இரவிலே வெளியேறினார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து கரையோரத்து வீடுகளை வழித்துக்கொண்டு போனது. 2009 வரை வன்னியிலே நடந்தது எல்லோரும் அறிந்ததே. இவ்வளவுக்கும் பிறகு ஒரு குடும்பத்திலே ஒரு பழைய படம் மிஞ்சியிருக்கின்றதென்றால், அதனை யாரோ நகைக்கும் காணி உறுதிக்கும் பக்கத்திலே வைத்துச் சுமந்திருக்கின்றார்கள் என்று பொருள். அப்படிச் சுமந்து வந்த ஒன்றுக்கு ஐந்து செக்கன் கொடுப்பது போதுமா?

பெரிய திரையை நான் குறைசொல்ல வரவில்லை. உண்மையிலே அந்த முதியவரைப் பேச வைத்தது அதுவே. அதே படம் அல்பத்திலே ஆறு சென்ரிமீற்றர் சதுரமாக ஒட்டியிருந்த காலத்திலே, கண்ணிலே வெண்படலம் விழுந்த அவருக்கு அது தெரிந்திருக்காது. ஐம்பத்தைந்து அங்குலத் திரையிலே அது வந்தபோது கிணற்றடியும் தெரிந்தது, மருத்துவிச்சியின் முகமும் தெரிந்தது. அல்பத்தை ஒரு நேரத்திலே இரண்டு மூன்று பேரே பார்க்கலாம். திரையை நாற்பது பேர் ஒன்றாகப் பார்க்கலாம். ஒருவர் சொல்வதை நாற்பது பேரும் கேட்கலாம். அந்த ஓவிய மண்டபம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்திருக்கின்றது. நிறுத்துகின்ற பொத்தானை அழுத்த ஒரு பிள்ளை வேண்டியிருந்தது, அவ்வளவே.

படமும் குரலும் சேரும்போது என்ன நிகழும் என்பதற்கு வெளியுலகிலே ஒரு நல்ல சான்று இருக்கின்றது. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் கென் பேர்ன்ஸ் 1990இல் தம் நாட்டு உள்நாட்டுப் போரைப் பற்றி ஒன்பது பாகங்கள் கொண்ட தொலைக்காட்சித் தொடரொன்றை வெளியிட்டார். அந்தப் போர் நடந்தது 1861 முதல் 1865 வரை. அசையும் படம் அப்போது கிடையாது. ஆகவே அவர் பழைய நிழற்படங்களின் மேலே கமராவை மெல்ல நகர்த்தினார். முகத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து துவக்குக்கு. இன்று கணினிச் செயலிகளிலே படம் மெல்லப் பெருத்து நகர்கின்றதே, அந்த உத்திக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கின்றார்கள். ஆனால் உத்தியை எடுத்துக்கொண்ட உலகம், அவர் செய்த மற்றொன்றைக் கவனிக்கத் தவறிவிட்டது. அவர் படங்களோடு போர்வீரர்களின் கடிதங்களை வாசிக்க வைத்தார். சலிவன் பல்லூ என்ற வீரர் 1861 ஜூலையிலே தம் மனைவிக்கு எழுதி, சில நாட்களிலேயே போரிலே காயமுற்று இறந்துபோனார். அவருடைய கடிதத்தை ஒரு குரல் நிதானமாக வாசிக்க, அக்காலத்து முகங்கள் திரையிலே வந்து போகும் பகுதியே அத்தொடரிலே மக்கள் மனதிலே மிக நின்றது. கமராவின் நகர்வு மட்டும் இருந்திருந்தால் அது நின்றிருக்காது.

எங்கள் கல்லூரியிலே உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இதனை ஒரு பயிற்சியாகக் கொடுத்துப் பார்த்தேன். வீட்டிலுள்ள படங்களிலே பன்னிரண்டை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டும். அவற்றை ஒரு கதையாக வரிசைப்படுத்தி, வகுப்பிலுள்ள பெரிய திரையிலே காட்டிப் பேச வேண்டும். இசை கூடாது. பிள்ளைகள் முதலிலே சிரித்தார்கள். முந்நூற்றைக் காட்டுவது இலகு, பன்னிரண்டைத் தெரிவதுதான் கடினம் என்பதை இரண்டு நாளிலே கண்டுகொண்டார்கள். எதை விடுவது என்ற கேள்வி வந்தவுடனே அவர்கள் எழுத்தாளர்கள் ஆகிவிட்டார்கள். சிறுகதையிலே எந்த நிகழ்ச்சியை முதலில் வைப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்று நான் ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையிலே எழுதி விளக்கியதை இந்தப் பன்னிரண்டு படங்கள் எளிதாக விளக்கின.

அவர்களிலே ஒரு மாணவன் ஒரே படத்தோடு வந்தான். “எங்களிட்டை இதுதான் சேர் இருக்குது” என்றான். அவன் குடும்பம் 2009இல் வன்னியிலிருந்து வெளியேறியபோது பெட்டி, அல்பம் எல்லாம் வழியிலே விடப்பட்டன. தாத்தாவின் தேசிய அடையாள அட்டை மாத்திரம் அம்மம்மாவின் கையிலே இருந்தது. தாத்தா உடன் வந்து சேரவில்லை. அந்த அட்டையிலிருந்த முத்திரை அளவுப் படத்தை அவன் பெருப்பித்துக் கொண்டுவந்திருந்தான். திரையிலே அது புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. “தாத்தா போட்டிருக்கிற சேட் அவற்றை இல்லை, சேர். படம் பிடிக்கப் போற நாள் அவற்றை சேட் ஈரமாம். பக்கத்து வீட்டு அண்ணையின்ரையை வாங்கிப் போட்டவராம். அதுதான் கழுத்துப் பெருசாய்க் கிடக்குது” என்று தொடங்கினான். அம்மம்மாவிடம் கேட்டு அறிந்தவை அவை. தாத்தாவின் வயல், அவர் வளர்த்த சோடி மாடுகள், அவர் கோபித்தால் சாப்பிடாமல் படுக்கும் வழக்கம் என்று போய், அந்த ஒரே படத்துக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் பேசினான். பன்னிரண்டு படங்கள் கொண்டுவந்த பிள்ளைகள் பலர் நான்கு நிமிடங்களிலே முடித்துவிட்டிருந்தார்கள். அன்று வகுப்பு மணி அடித்த பின்னும் ஒருவரும் எழவில்லை.

இனி, இந்தக் காட்சிகளை ஆயத்தம் செய்பவர்களுக்குச் சில நடைமுறை விடயங்களைச் சொல்லலாம் என்று எண்ணுகின்றேன். இவையும் கதை சொல்லலின் இலக்கணமே.

முதலாவது, வரிசை. வரிசையைப் பெட்டியிடம் விடக்கூடாது. தொலைக்காட்சி பொதுவாகக் கோப்பின் பெயரை அல்லது திகதியைக் கொண்டே படங்களை அடுக்கும். பழைய படத்தை இன்று ஸ்கான் செய்தால் அதற்கு இன்றைய திகதியே விழும். பூட்டனார் தம் பூட்டப்பிள்ளைக்குப் பின்னே பிறந்தவராகி விடுவார். வட்ஸ்அப்பிலே அனுப்பிய படங்களிலோ, எடுத்த திகதி முதலிய உட்குறிப்புகள் நீங்கிவிடுகின்றன; படமும் சுருங்கிவிடுகின்றது. ஆகவே கோப்பின் பெயரை 001, 002 என்று தொடங்கி, பக்கத்திலே படத்திலுள்ளவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதிவிட்டால் வரிசையும் நிற்கும், அடையாளமும் நிற்கும். 2 என்று வெறுமனே எழுதினால், சில பெட்டிகள் 10ஐ அதற்கு முன்னே கொண்டுவந்துவிடும்.

இரண்டாவது, வடிவம். இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது என்ற அகன்ற வடிவம் கொண்டது. பழைய படங்கள் சதுரமாகவோ நெடுக்காகவோ இருக்கும். திரையை நிரப்ப வேண்டுமென்று பெருப்பித்தால் நிற்பவரின் தலையோ காலோ போய்விடும். அகட்டினால் மெலிந்தவரும் பருத்துவிடுவார். இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். அல்பத்தின் தாளும் கறுப்பாகத்தானே இருந்தது! சிறிய படங்களை ஸ்கான் செய்யும்போது அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் வீதம் வைத்தால், ஆறு சென்ரிமீற்றர்ப் படத்திலே பக்கமொன்றுக்கு 2,800க்கு மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். மிகப் பெரிய திரைக்கும் அது போதும். படங்களை ஜேபெக் என்ற பொதுவான வகையிலே சேமிப்பது நலம். ஐபோன்கள் 2017 முதல் பயன்படுத்துகின்ற வேறு வகையைப் பல தொலைக்காட்சிகள் திறப்பதில்லை.

மூன்றாவது, நேரம். ஐந்து செக்கன் வீதம் முந்நூறு படங்கள் என்றால் இருபத்தைந்து நிமிடங்கள். அதே இருபத்தைந்து நிமிடங்களை இருபது படங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். நாற்பது பேர் நிற்கின்ற குடும்பப் படத்தை வாசிக்க அதுவும் போதாது. தானாக ஓடுவதை நிறுத்தி, கையாலே நகர்த்துவதே சிறந்தது. ரிமோட்டைச் சிறுபிள்ளையிடம் கொடுங்கள். பேச்சை வீட்டிலே வயதில் மூத்தவரிடம் கொடுங்கள்.

நான்காவது, குரல். பெரியவர் பேசத் தொடங்கியதும் ஒருவர் கைத்தொலைபேசியைப் பக்கத்திலே வைத்து அவருடைய பேச்சைப் பதிந்துகொள்ள வேண்டும். தனியே கதிரையிலே இருத்தி “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கோ” என்று கேட்டால் பலர் “என்னத்தைச் சொல்ல” என்று மௌனமாகிவிடுவார்கள். படத்தைக் காட்டினால் தாமாகவே பேசுவார்கள். அந்த ஒலிப்பதிவை எழுத்திலே பெயர்த்து, படங்களோடு சேர்த்து, ஒன்றுக்கு இரண்டு இடங்களிலே வைத்துவிட வேண்டும். ஊரின் வரலாற்றை எழுதப் போகின்றவருக்கும், நாளைய நாவலாசிரியருக்கும் அதைவிடப் பெரிய மூலதனம் வேறில்லை. பேச்சுமொழியின் எத்தனையோ சொற்கள் அந்தப் பதிவுகளிலேதான் எஞ்சப் போகின்றன.

இதற்கு அவசரம் உண்டா என்று கேட்கலாம். உண்டு. 1990இல் முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அப்பொழுது அறுபது வயதாக இருந்தவர்களிலே எங்களோடு இருப்பவர்கள் மிகச் சிலர். இடம்பெயர்வதற்கு முந்திய ஊரை, அதன் வேலிகளையும் ஒழுங்கைகளையும் கிணற்றடிகளையும் பார்த்தவுடன் பெயர் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றார்கள். இயந்திரம் மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தருகின்றது, கறுப்பு வெள்ளைக்கு வண்ணமும் ஊட்டித் தருகின்றது. ஆனால் அந்த நான்காவது பெண்ணின் பெயரை எந்த இயந்திரமும் சொல்லாது.

எனவே, இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளையோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலே கொண்டாட்டமோ துக்கமோ வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மாலையிலே வழமையான தொடர்நாடகத்தை அரைமணி நேரம் ஒத்திவைத்து, பழைய படம் ஒன்றைத் திரையிலே போட்டு நிறுத்துங்கள். அப்பம்மாவையோ தாத்தாவையோ முன்னுக்கு அழைத்து, கதிரை ஒன்றைத் திரைக்கு அருகிலே இழுத்துப் போட்டு, “இது ஆர்?” என்று கேளுங்கள். மிகுதியை அவர் பார்த்துக்கொள்வார்.